போந்தையடியும் சேப்பாக்கமும்

மன்றம் என்ற சொல்லை இலக்கிய அமைப்புகள் இன்று தம் பெயரோடு சேர்த்து வழங்குகின்றன. பழந்தமிழில் அச்சொல் ஊரின் பொதுவிடத்தைக் குறித்தது. அங்கே ஒரு மரம் நிற்கும். அதன் நிழலில் ஊரார் கூடுவர், வழக்குரைப்பர், ஆட்டமும் பாட்டும் அங்கேயே நிகழும். ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் இடையே சுவர் இல்லை. வாயிலில் நின்று 'நீ யார்?' என்று வினவுவாரும் இலர். சுவரும் வாயிலும் எழுந்த பின்னர், உள்ளே அமர்ந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்ற கேள்வி பிறந்தது. சென்னை மாநகரின் ஆடுகளங்களையும் அந்நகரின் பெயரைச் சுமந்த தொழில்முறை அணிகளையும் வரலாற்று நோக்கில் காண முற்படுவோர் இக்கேள்வியைத் தவிர்த்துச் செல்லல் இயலாது.

இக்கேள்வியோடு பிறிதொன்றும் பிணைந்துள்ளது. அதனை முதலில் எழுப்பியவர் ஒரு பெண்பாற் புலவர். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்ததைச் சாத்தந்தையார் பாடினார். அவனையே பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் மூன்று புறப்பாடல்களில் பாடியுள்ளார். எண்பத்தைந்தாம் பாடலில் ஒரு நுண்ணிய காட்சி உண்டு. களத்தில் நிற்பவன் அவ்வூரினன் அல்லன்; அந்நாட்டினனும் அல்லன். ஆகவே கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. வென்றான் என்கிறது ஒரு சாரார் குரல். வெல்லவில்லை என்கிறது மறுசாரார் குரல். காலில் சிலம்பு ஒலிக்க ஓடிவந்த பெண்ணொருத்தி, தன் வீட்டுப் பனையின் அடிமரத்தைப் பற்றி நின்று அவன் வெற்றியைத் தன் கண்ணால் காண்கிறாள். விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுந்த பாடல்களுள் இதற்கு இணையானது அரிது. மல்லனின் உடல்வலியைக் காட்டிலும் பார்வையாளரின் பிளவே இதில் பாடுபொருளாகியுள்ளது. ஊரினன் அல்லாத ஒருவனை ஊர் தன்னவனாக ஏற்பது எங்ஙனம், எப்போது என்பதே அதன் உட்கிடை.

மரத்தடி உணவு

சேப்பாக்கம் ஆடுகளம் அமைந்த நிலம் ஆர்க்காட்டு நவாபுக்குரியதாக இருந்தது. நவாப் முகம்மது அலி வாலாஜா 1768இல் எழுப்பிய அரண்மனையின் பரந்த வளாகத்தில் அதுவும் ஒரு பகுதி. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறையவே, கும்பினி ஆட்சி அப்பட்டத்தை ஒழித்தது. அரண்மனையும் வளாகமும் சில ஆண்டுகளில் அரசின் வசமாயின. அலெக்சாண்டர் ஆர்பத்னாட் என்பார் 1846இல் தொடங்கிய மதராஸ் கிரிக்கெட் கிளப், முதலில் தீவுத்திடலில் ஆடிக்கொண்டிருந்தது. 1860களின் நடுவில் அது சேப்பாக்கத்தில் இடம்பெற்றுத் தனக்கென ஒரு கூடமும் எழுப்பிக்கொண்டது. அரசர் நிலம் அரசு நிலமாகி, அரசு நிலம் ஆங்கிலேயர் சங்கத்தின் பயன்பாட்டிற்கு வந்த கதை இது. வாலாஜாவின் பெயர் இன்று களத்தை ஒட்டிய சாலையில் மட்டும் எஞ்சியுள்ளது.

அச்சங்கத்தில் இந்தியர்க்கு இடமில்லை. போட்டி ஆட அழைக்கப்பட்ட இந்தியரும் கூடத்தினுள் ஐரோப்பியரோடு அமர்ந்து உண்ண இயலாது. மரத்தடியில்தான் உணவு கொள்ள வேண்டும் என்றிருந்ததைச் சென்னைக் கிரிக்கெட் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். ஆட்டத்தில் நிகர், உணவில் நிகரன்று. இந்த இழிவைப் பொறாதவர் புச்சிபாபு நாயுடு. வணிக நிறுவனங்களுக்குத் துபாஷாக இருந்து செல்வம் ஈட்டிய குடும்பத்தில் 1868இல் தோன்றியவர் அவர். சேப்பாக்கத்தின் வாயிலில் நின்று விண்ணப்பித்துக்கொண்டிராமல், 1888இல் எஸ்பிளனேடு பகுதியில் மதராஸ் யுனைடெட் கிளப் என்ற சங்கத்தை நிறுவினார். இந்திய இளைஞர்க்கு மட்டையும் பந்தும் உடையும் வாங்கித் தந்தார்; களத்தையும் பேணினார்.

இந்தியர்க்கும் ஐரோப்பியர்க்கும் இடையே முறையான போட்டி ஒன்று நடைபெற வேண்டும் என்று அவர் முயன்றார். அது கைகூடிய 1908ஆம் ஆண்டின் இறுதியில், போட்டிக்குச் சில நாள் முன்னர் காலமானார். போட்டி நின்றுவிடவில்லை. பின்னர் 1916 முதல் பொங்கல் நாட்களில் ஆண்டுதோறும் நிகழும் மாகாணப் போட்டியாக அது வளர்ந்து 1952 வரை நீடித்தது. தை முதல் நாளில் கரும்பும் மஞ்சளும் விற்கும் சென்னையில், வெள்ளையரை இந்தியர் களத்தில் எதிர்கொள்ளும் காட்சியும் பண்டிகையின் பகுதியாயிற்று. விடுதலை இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் இதற்கு ஒரு பக்கமும் ஒதுக்குவதில்லை. அது குறையே.

புச்சிபாபுவின் மைந்தர்களுள் ஒருவரான கோட்டா ராமசாமியைப் பற்றி இடைப்பிறவரலாகச் சில சொற்கள். டேவிஸ் கோப்பை டென்னிசில் 1922இல் இந்தியாவுக்காக ஆடியவர். 1936இல், நாற்பது வயதில், இங்கிலாந்தில் இரண்டு டெஸ்ட் போட்டிகளும் ஆடியவர். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் ஒருநாள் சென்னையில் தம் வீட்டை விட்டு வெளியேறினார். எண்பத்தொன்பது வயது முதியவர் எங்குச் சென்றார் என்பதை எவரும் அறியார். கவிஞர் எவரேனும் அவரைப் பாடியிருத்தல் வேண்டும்.

1934ஆம் ஆண்டு சேப்பாக்கத்திற்கு இருமுறை வாய்த்தது. பிப்ரவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியோடு அங்கே முதல் டெஸ்ட் போட்டி நடைபெற்றது. நவம்பர் 4ஆம் நாள் இரஞ்சிக் கோப்பையின் முதற்போட்டி சென்னைக்கும் மைசூருக்கும் இடையே அங்கேயே தொடங்கி, அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது. மைசூர் 48, 59 என இருமுறையும் சுருண்டது. சென்னை எடுத்தது 130. முதற்பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ.ஜி. ராம்சிங்.

இவ்விருவரையும் சேர்த்து நோக்குதல் தகும். கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1935இல் இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து சென்றவர். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கா, கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணமா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஒலிம்பிக்கில் ஹாக்கி அணி தங்கம் வென்றது. இங்கிலாந்தில் இவருக்கு ஒரு டெஸ்ட் ஆட்டமும் வாய்க்கவில்லை. ராம்சிங்கோ அமிர்தசரசில் பிறந்து சென்னையில் குடியேறிய சீக்கியர். நக்கண்ணையார் மொழியில் கூறுவதாயின் ஊரும் வேறு, நாடும் வேறு. சென்னை அவரிடம் அவ்வாறு வேறுபாடு பாராட்டவில்லை. அவருக்கு டெஸ்ட் வாய்ப்புக் கிட்டாது போயிற்றெனினும், அவர் மக்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் சென்னை ஆட்டக்காரர்களாகவே வளர்ந்து இந்திய அணியில் இடம்பெற்றனர். மண்ணின் மைந்தரை மரத்தடியில் அமர்த்திய அதே களம், அரை நூற்றாண்டு கழிவதற்குள் பஞ்சாபி ஒருவரைத் தன்னவராக்கிக்கொண்டது. இவ்விரு போக்குகளும் சேப்பாக்கத்தில் இன்றளவும் உடனுறைகின்றன.

1952 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைச் சேப்பாக்கத்தில் ஈட்டியது. இங்கிலாந்து ஓர் இன்னிங்சும் எட்டு ஓட்டங்களும் வேறுபாட்டில் தோற்றது. வினு மன்காட் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம் அடித்தனர். ஆட்டம் தொடங்கிய நாளில்தான் இலண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் மறைந்தார். அரசியல் விடுதலைக்கு நாலரை ஆண்டு பிந்தி வந்த அவ்வெற்றி, எவ்விடத்தில் உணவு மறுக்கப்பட்டதோ அவ்விடத்திலேயே வந்தமை எண்ணத்தக்கது.

மாநகராட்சியின் களம்

சேப்பாக்கம் ஒரு சங்கத்தின் களம். அதற்கு மாறாக நகர மக்களின் வரியில் எழுந்தது பார்க் டவுனில் உள்ள மாநகராட்சி விளையாட்டரங்கம்; பின்னாளில் நேரு பெயர் பெற்றது. ஆளுநர் டிரெவெலியன் காலத்தில் உருவான மக்கள் பூங்காவின் நிலப்பரப்பில், மூர் மார்க்கெட்டும் விலங்குக் காட்சிச்சாலையும் இருந்த சூழலில் அது அமைந்தது. 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் போட்டிகள் ஒன்பதும் அங்கேயே நடைபெற்றன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்காடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தனர்; 2008 வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள், அவ்வெண்ணிக்கையை உலகில் எவரும் விஞ்சவில்லை. பழைய புத்தகக் கடைகளுக்கும் சிங்கக் கூண்டுக்கும் அருகே உலக அருஞ்செயல் ஒன்று நிகழ்ந்ததெனின் இன்றைய தலைமுறை நம்புவது கடினம். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. விலங்குகள் வண்டலூர் சென்றன. கிரிக்கெட் அதற்கு முன்பே, 1967இல், சேப்பாக்கத்திற்குத் திரும்பிவிட்டது. அரங்கம் 1993இல் புதுக்கப்பட்டு, 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளைக் கண்டு, பின்னர் கால்பந்துக்கும் தடகளத்திற்கும் உரியதாயிற்று.

திரும்பி வந்த கிரிக்கெட்டுக்குச் சேப்பாக்கத்தில் கற்காரையால் பேரரங்கம் எழுந்து, எம்.ஏ. சிதம்பரம் பெயரைப் பெற்றது. ஆயினும் நிலம் அரசுக்குரியது. கிரிக்கெட் கழகம் குத்தகைதாரர். இவ்வுண்மையை மனத்தில் இருத்தினால் பின்வருவன தெளிவாகும்.

அவ்வரங்கின் பார்வையாளர்க்கு ஆட்டமறிந்தோர் என்ற பெயர் நிலைத்தது. 1986 செப்டம்பர் 22ஆம் நாள் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது நிகழ்வு. வெப்பத்தில் உடல்நீர் வற்றிய நிலையில் 210 ஓட்டங்கள் எடுத்த டீன் ஜோன்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இவற்றைக் காட்டிலும் நினைவுகூரத்தக்கது 1999 ஜனவரி 31. பாகிஸ்தான் நிர்ணயித்த 271 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, முதுகுவலியோடு டெண்டுல்கர் எடுத்த 136 ஓட்டங்களுக்குப் பின்னும் பன்னிரண்டு ஓட்டங்களில் தோற்றது. அரங்கு சில கணங்கள் ஓசையற்றிருந்தது. பின் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்க்குக் கைதட்டியது. அவர்களும் அரங்கைச் சுற்றி வலம் வந்தனர். ஆடியவன் அயலவன், வென்றவனும் அயலவன். ஆமூர்க் கூட்டம் அன்று பிளவுபட்டது. சேப்பாக்கக் கூட்டம் பிளவுபடவில்லை. சென்னையின் பண்பாட்டு வரலாற்றில் அந்நாளுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

தேவதானப்பட்டி போன்ற ஊர்களுக்குச் சேப்பாக்கம் செவிவழியே வந்தது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்ததைச் சென்னை வானொலியின் தமிழ் வர்ணனை கொணர்ந்தது. அப்துல் ஜப்பார் முதலியோர் நடையழகுள்ள தமிழில் பந்தின் போக்கைச் சொற்களாக்கியபோது, கிரிக்கெட் ஆங்கிலம் அறிந்தோரின் ஆட்டம் என்ற நிலை தளர்ந்தது. தொலைக்காட்சி முதலில் இலங்கையின் ரூபவாகினியாக உயர்ந்த ஆன்டெனாக் கம்பங்களில் இறங்கியது. பின்னர் 1980களின் பிற்பகுதியில் ஊருக்கு மேலே கொடைக்கானல் மலையில் அமைந்த ஒளிபரப்பு நிலையத்திலிருந்து வந்தது. கண்ணும் செவியும் உள்ளே புகுந்தன. கால்கள் புகுவதற்கு வழி யாது?

அலுவலகம் ஊட்டிய ஆட்டம்

தொழில்முறை ஆட்டக்காரர் என்ற சொல்லுக்கு இன்று ஏலத்தில் விலை பெறுபவர் என்று பொருள் கொள்கிறோம். 2008க்கு முற்பட்ட தமிழகத்தில் அதன் பொருள் வேறு. ஆட்டத்தால் வேலை பெற்றவரே தொழில்முறை ஆட்டக்காரர். கோபாலன் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றினார். அடுத்த தலைமுறையில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, மின்வாரியம், காவல்துறை, இந்தியா சிமெண்ட்ஸ் எனப் பல நிறுவனங்கள் அணிகளை வைத்திருந்தன. காலையில் பயிற்சி, பிற்பகலில் அலுவலகம், மாதக் கடைசியில் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம். புகழ் சிறிது, பாதுகாப்புப் பெரிது. கிரிக்கெட்டில் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் சில கல்லூரிகளும் சில சாதியினரும் நெடுங்காலம் முன்னின்றமையை மறைக்க வேண்டுவதில்லை. கபடி, கைப்பந்து, கூடைப்பந்து, கால்பந்து ஆகியவற்றிலோ விளையாட்டு ஒதுக்கீடு என்ற வாயில் சிற்றூர் இளைஞர்க்கு ஓரளவு திறந்திருந்தது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் ஊரிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்று, மறு ஆண்டு அர்ச்சுனா விருதும் பெற்றார். மணத்தி கணேசனை மேலேற்றியது ஏலமன்று, நிறுவன அணிகளே.

இந்த அலுவலக அணிகள் மாநகரத்திலேயே அடைந்து கிடக்கவில்லை. தேவதானப்பட்டிக்கு அண்மையிலுள்ள பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தி வருகிறது. சென்னை வங்கி அணிகளும் கடற்படை, வான்படை முதலிய அணிகளும் அங்கு வந்து ஆடியுள்ளன. நாட்டின் முதல்வரிசை ஆட்டக்காரர்களை மின்னொளியில் மிக அருகே கண்டு வளர்ந்தவர்கள் பெரியகுளம் வட்டாரத்து மக்கள். சென்னையில் இருந்தவர்க்கும் கூடைப்பந்தில் இவ்வாய்ப்பு மிகுதியாக இருந்ததெனச் சொல்ல இயலாது. மாநகரத்து அரங்குகளின் வரலாற்றை எழுதுவோர் பெரியகுளம் போன்ற களங்களையும் உடன்வைத்து எழுதுதல் வேண்டும். அணிகளின் பெயர் சென்னையினுடையது. அவற்றை மதித்து விருந்தோம்பிய மண் இவ்வாறான ஊர்களினுடையது.

பெயர் ஓரிடம், ஆட்டம் ஓரிடம்

2008இல் இந்தியன் பிரீமியர் லீக் தோன்றியது. இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலர் விலையில் சென்னை அணியின் உரிமையை எடுத்தது. பிப்ரவரி மாத ஏலத்தில் ராஞ்சியைச் சேர்ந்த மகேந்திரசிங் தோனி 15 இலட்சம் டாலருக்குச் சென்னையினர் ஆனார். ஊரும் இதுவன்று, நாடும் இதுவன்று. ஆயினும் சில ஆண்டுகளில் 'தல' என்ற சென்னைச் சொல்லே அவர் பெயராயிற்று. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்துமுறை அணி கோப்பை வென்றது. தொடக்க வெற்றிகளில் முரளி விஜய், பத்ரிநாத், அஸ்வின் ஆகிய தமிழக ஆட்டக்காரர்களின் பங்கு பெரிது.

அணி வளர, களமும் அரசியலும் அதனைத் தொடர்ந்தன. 2013இல் ஈழத்தமிழர் துயரத்தை முன்னிட்டுத் தமிழகமெங்கும் மாணவர் கிளர்ந்தபோது, மாநில அரசின் நிலைப்பாட்டை ஏற்று, இலங்கை வீரர்கள் சென்னையில் நடைபெறும் போட்டிகளில் ஆடுவதில்லை என முடிவாயிற்று. அதே ஆண்டு வெடித்த சூதாட்ட வழக்கில் அணி நிர்வாகத்தோடு தொடர்புடைய ஒருவர் சிக்கினார். லோதா குழுவின் தீர்ப்பால் 2016, 2017 ஆகிய ஈராண்டும் அணி ஆடவில்லை. 2018இல் அது திரும்பிய வேளை காவிரி மேலாண்மை வாரியம் கோரிப் போராட்டம் மூண்டிருந்தது. ஆற்றில் நீரில்லாதபோது அரங்கில் ஆட்டமா என்ற கேள்வி சேப்பாக்கத்தின் வாயிலில் எழுந்தது. ஏப்ரல் 10ஆம் நாள் ஒரு போட்டி காவலோடு நடந்தது. களத்தினுள் காலணி வீசப்பட்டது. எஞ்சியவை புனேவுக்கு மாற்றப்பட்டன. ஆயிரம் பேர் அளவில் இரசிகர்களை ஏற்றிக்கொண்டு 'விசில் போடு' என்ற பெயரில் தனி இரயில் ஒன்று சென்னையிலிருந்து புனே சென்றது. அவ்வாண்டு சென்னை கோப்பையை வென்றது. இரசிகரின் பற்றையும் உழவரின் வேதனையையும் ஒரே தட்டில் நிறுப்பது அறமாகாது. ஆனால் பொதுநிலத்தில் நிற்கும் அரங்கு பொதுத்துயரிலிருந்து விலகி நிற்க இயலாதென்பதை அந்த ஏப்ரல் காட்டியது.

கால்பந்தில் இதனினும் விந்தையான நிகழ்ச்சி உண்டு. 2014இல் தோன்றிய சென்னையின் எஃப்.சி. நேரு விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்டு 2015இலும் 2017-18இலும் இந்தியன் சூப்பர் லீக்கை வென்றது. பலரும் அறிந்த செய்தி இது. பழைய உள்ளூர்ச் சங்கம் ஒன்றிலிருந்து வளர்ந்த சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கில் நுழைந்ததும், தன் பெயர் கொண்ட நகரிலேயே நிலையான இடம் வாய்க்காமல் கோவைக்குக் குடிபெயர்ந்தது. 2019 மார்ச் 9ஆம் நாள் கோவை நேரு அரங்கில் மினர்வா பஞ்சாபை வீழ்த்தி ஐ-லீக் பட்டத்தை வென்றது. சென்னை என்ற பெயர், கோவையின் களம், ஸ்பெயின் நாட்டு ஆட்டக்காரர் சிலர், தமிழ்நாட்டு இளைஞர் பலர். சில ஆண்டுகளுக்குள் அவ்வணி தேசியப் போட்டிகளிலிருந்தே மறைந்துவிட்டது. 'குட்டி பிரேசில்' எனப் பெயர் பெற்ற வியாசர்பாடி உள்ளிட்ட வடசென்னைத் தெருக்களில் கால்பந்து அன்றாட உணவு போன்றது. அந்நகரின் பட்டம் கொங்கு நாட்டில் வெல்லப்பட்டது.

பிற களங்களைச் சுருக்கமாகக் கூறலாம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம் 1996, 2005 ஆண்டுகளில் சாம்பியன்ஸ் கோப்பையையும் 2007இல் ஆசியக் கோப்பையையும் கண்டது. இறுதியாட்டத்தில் இந்தியா கொரியாவை 7-2 என வென்றது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையும் அங்கே இந்தியாவுக்கே கிட்டியது. களம் நிலைத்தது, சென்னை வீரன்ஸ், சென்னை சீட்டாஸ் எனத் தோன்றிய தொழில்முறை அணிகள் நிலைக்கவில்லை. நுங்கம்பாக்கத்து டென்னிஸ் அரங்கில் 1997 முதல் நடந்த சென்னை ஓப்பன், 2017க்குப் பின் புனேவுக்குச் சென்றது. கபடியில் தமிழ் தலைவாஸ் 2017இல் நேரு உள்ளரங்கில் கால்வைத்தது. சடுகுடு என்று மண்ணில் ஆடிய ஆட்டம் குளிரூட்டிய அரங்கின் விரிப்பில் ஏறியது. அவ்வணியின் தலைமையை ஏற்றவர் இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். கூவக்கரைகளிலிருந்தும் நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்த்து அனுப்பப்பட்டோர்க்காக நகரின் தெற்கெல்லையில் உருவான கண்ணகி நகரில் சிறுமியர் கபடி பழகுகின்றனர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் அந்நகரின் மாணவி ஒருவரும் இருந்தார்.

மீண்டும் சேப்பாக்கம். 2011 உலகக் கோப்பைக்காக அரங்கம் புதுக்கப்பட்டபோது எழுந்த மூன்று பார்வையாளர் மாடங்கள், கட்டட விதி குறித்த வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அருகே இருந்த மதராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் அச்சிக்கலில் ஒரு காரணம். டிக்கெட் கிடைக்காமல் வெளியே மக்கள் நிற்க, உள்ளே பன்னிரண்டாயிரம் இருக்கைகள் அளவில் வெறுமையாக இருப்பதைத் தொலைக்காட்சி உலகுக்குக் காட்டியது. சங்கக்கூடத்தின் சுவரும் வெளியே நிற்கும் மக்களும் என்ற பழைய காட்சி நூற்றிருபது ஆண்டு கழித்துச் சட்டமொழியில் திரும்பி வந்ததெனலாம். 2023 மார்ச்சில் கலைஞர் பெயரிலான புதிய மாடம் திறக்கப்பட்டது.

அவ்வாண்டு மே மாத இறுதியில் அகமதாபாத்தில் நடந்த இறுதியாட்டத்தை இவ்வரலாற்றின் உச்சமாகக் கொள்ளலாம். சென்னை அணியில் களமிறங்கியவருள் தமிழ்நாட்டவர் ஒருவரும் இல்லை. இலங்கையின் தீக்சனாவும் பதிரனாவும் இருந்தனர். பத்தாண்டுக்கு முன் சென்னையில் ஆடலாகாதெனப்பட்ட நாட்டினர். எதிரணியான குஜராத்தின் பொருட்டு 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் எடுத்தவர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்த சாய் சுதர்சன். ஊரவன் அயலணியில், அயலவர் ஊரணியில். வென்றது சென்னை. தமிழ்நாடு எங்கும் வெடி வெடித்தது. நக்கண்ணையார் காலத்துக் கூட்டம் ஆடுபவனின் ஊரைக் கேட்டது. இன்றைய கூட்டம் அவன் அணிந்த மஞ்சள் ஆடையை மட்டும் நோக்குகிறது. இது மனவிரிவா, விலைக்கு வாங்கிய உறவா? 1999இன் கைதட்டலுக்கு எவரும் விலை தரவில்லை என்பதை நோக்க, இரண்டும் ஒன்றல்ல என்றே கொள்ள வேண்டும். ஆயினும் ராம்சிங்கைத் தழுவிய நகரின் இயல்பு இதிலும் உண்டென்பதை மறுத்தற்கில்லை.

சிற்றூர் இளைஞர்க்கு ஒரு வாயில் 2016இல் திறந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக், மாநகரத்தின் பெயரோடு திண்டுக்கல், மதுரை, கோவை, காரைக்குடி, தூத்துக்குடி எனப் பிற ஊர்ப் பெயர்களையும் அணிகளுக்கு இட்டது. திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தில் கல்லூரித் திடல் ஒன்றைப் போட்டிக்களமாக்கியது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த, நெசவுத்தொழிலாளி மகன் நடராஜன் அவ்வாண்டு திண்டுக்கல் அணியில் பந்து வீசினார். அடுத்த ஆண்டு ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 இறுதியில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசும் பொருட்டு ஆஸ்திரேலியா சென்றவர், அதே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் வெள்ளுடை அணிந்தார்.

அவர் சென்னையில் களம் தேடவில்லை. 2023இல் சின்னப்பம்பட்டியிலேயே தம் பெயரில் ஒரு கிரிக்கெட் ஆடுகளம் அமைத்தார். திறந்துவைத்தவர் தினேஷ் கார்த்திக். ஊரார் திரண்டு நின்று பார்த்தனர்.